போயிட்டு வாரேன்

சாயங்காலம் ஆறரை மணி ஆனால் அம்மா வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீடு பதினோராம் மாடியில். மின்தூக்கி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் தாழ்வாரத்தை எட்டிப் பார்ப்பார். வேலை முடிந்து கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு யாராவது கடந்து போவார்கள். அம்மா என் பக்கம் திரும்புவார்.

"ஏளா, அப்பா எங்க போயிருக்காவ? இன்னும் காணலியே."

அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அம்மாவின் மறதி நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்பா இருந்தவரை அதை எங்களுக்குத் தெரியாமல் மூடிவைத்திருந்தார். அம்மா ஒரு பெயரில் தடுக்கி நின்றால் எடுத்துக்கொடுப்பார். அடுப்பை அணைக்க மறந்தால் தானே போய் அணைத்துவிட்டு வாயைத் திறக்கமாட்டார். அவர் போன பிறகுதான் நோய் வெளியே தெரிந்தது.

முதல் தடவை கேட்டபோது நான் உண்மையைச் சொன்னேன். அப்பா இறந்துட்டாங்கம்மா, அடக்கத்துக்கு நீங்களும் வந்தீங்களே என்றேன். அம்மா அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல அழுதார். மறுநாள் காலையில் செய்தி மறந்துபோயிருந்தது. வீங்கிய கண் மட்டும் மிச்சமிருந்தது, ஏன் வீங்கியிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அன்று மாலை மறுபடியும் அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. மூன்று நாளில் மூன்று தடவை அவரை விதவையாக்கினேன். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துத் தாதி என்னைத் தனியே கூப்பிட்டு, திருத்தாதீங்க, பேச்சை வேற பக்கம் கொண்டுபோங்க என்றார்.

அதனால் பொய் சொல்ல ஆரம்பித்தேன். ஜூரோங் கப்பல் பட்டறையில் இன்றைக்கு இரவு ஷிப்ட். தேக்காவுக்கு மீன் வாங்கப் போயிருக்கார். பஸ் கிடைத்திருக்காது. வேலை செய்தது. அம்மா தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவார். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில், போனை எடுத்து 'அப்பா வீட்டில் இல்லை' என்று சொல்லச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. அப்படிப்பட்ட மனிதரைப் பற்றியே தினமும் ஒரு பொய்.

சபையில் மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். "மேலே இருக்கார்னு சொல்லுங்க சிஸ்டர். அது பொய் இல்லையே" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்று மாலையே சொன்னேன். அம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார். "மேலேன்னா? பன்னெண்டாம் மாடியிலயா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அடுத்த வாரம் ஒருநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். எதிர்வீட்டு மக்சிக்தான் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் மாடிக்கும் பதின்மூன்றாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாராம். 'மேலே இருக்கார்' என்ற வாக்கியத்தை அதோடு விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மேலே என்றால் எந்த மாடி?

*

எங்களைப் போன்ற சீர்திருத்தச் சபைத் தமிழர்கள் 'பரமேறுதல்' என்போம். கத்தோலிக்கர்கள் 'விண்ணேற்றம்' என்பார்கள். உயிர்த்தெழுந்த இயேசு நாற்பது நாள் சீடர்களோடு இருந்துவிட்டு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற நம்பிக்கை. ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள் என்பதால் எப்போதும் வியாழக்கிழமையில் வரும். பக்கத்தில் இந்தோனேசியாவில் அன்று அரசு விடுமுறை. இங்கே இல்லை. அலுவலகம் முடிந்து, எம்ஆர்டி பிடித்து, களைப்போடு வந்து சேருகிற இருபது பேரோடு ஆராதனை முடிந்துவிடும். கிறிஸ்துமசுக்குக் கேக் உண்டு, பெரிய வெள்ளிக்குக் கண்ணீர் உண்டு, ஈஸ்டருக்கு விடியற்காலைப் பாட்டு உண்டு. பரமேறுதலுக்கு என்று எங்கள் வீட்டில் ஒரு பலகாரம்கூடக் கிடையாது.

உண்மையைச் சொன்னால், அப்பா இறந்த பிறகு எனக்கு இந்தப் பண்டிகையைப் பிடிக்காமலே போயிற்று. சாவு புரிகிறது. உயிர்த்தெழுதலை நம்ப முடிகிறது, அல்லது நம்ப ஆசைப்பட முடிகிறது. ஆனால் இழந்தவர் திரும்பி வந்து, நெருப்பு மூட்டி மீன் சுட்டுக் கொடுத்து, பேசிப் பழகி, நாற்பது நாள் கழித்து மறுபடியும் போய்விடுவது என்ன நியாயம்? இரண்டு தடவை இழக்கவைப்பது அல்லவா அது? ஒவ்வொரு மாலையும் நான் அம்மாவுக்குச் செய்தது அதைத்தான்.

இதில் மிகவும் உறுத்தியது லூக்கா எழுதியிருக்கும் ஒரு தகவல். நான்கு நற்செய்தி ஆசிரியர்களில் இந்தக் காட்சியை விரித்துச் சொல்பவர் அவர் ஒருவர்தான். அதையும் இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமாக. ஒன்றில் எல்லாம் ஒரே நாளில் நடந்து முடிந்ததுபோல இருக்கும், மற்றதில் நாற்பது நாள் இடைவெளி. முதல் புத்தகத்தின் முடிவில், அவர் போன பிறகு சீடர்கள் மிகுந்த சந்தோஷத்தோடு எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்கிறார். சந்தோஷமா? வழியனுப்பிவிட்டு வந்தவர்களுக்கா? சாங்கி விமான நிலையத்தில் ஒருவரை அனுப்பிவிட்டு அப்படித் திரும்பியவர்களை நான் பார்த்ததில்லை. லூக்கா மருத்துவர் என்பது மரபு. மருத்துவர்கள் சில சமயம் இப்படித்தான், வீட்டுக்காரர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள் என்று கசப்போடு நினைத்துக்கொண்டேன்.

அந்த லூக்காவின் பெயரில்தான் எங்கள் வட்டாரத்தில், புக்கிட் பாத்தோக் ஸ்ட்ரீட் 11-இல், ஒரு சமூக மருத்துவமனை இருக்கிறது. 1996-இல் திறந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. இடது கால் கட்டைவிரலில் புண் ஆறாமல் போய், வேறொரு பெரிய மருத்துவமனையில் விரலை எடுத்தார்கள். பிறகு சில வாரங்கள் இங்கே நடைப் பயிற்சி. தினமும் மாலை நான் போவேன். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒரு மனிதரை இறக்குவது எப்படி என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். முழங்காலை மடக்கி, நம் தோளில் அவர் கையைப் போட்டு, மூன்று எண்ணி. அப்பா ஒல்லியான மனிதர். ஆனால் தன்னைத் தானே தாங்க முடியாத உடம்புக்கு ஒரு தனி கனம் உண்டு, தூக்கியவர்களுக்குத் தெரியும்.

*

எங்கள் புளோக்கிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் அந்தக் குன்று. பாத்தோக் என்றால் மலாயில் இருமல் என்கிறார்கள். கற்சுரங்கத்தில் வெடிவைத்த சத்தம் குன்று இருமியது போலிருந்ததாம். தேங்காய்ச் சிரட்டையோடு சேர்த்துச் சொல்கிற வேறு கதையும் உண்டு. லோரோங் செசுவாய் வழியாகப் போனால் இரண்டு பழைய தூண்கள் வரும், அதைத் தாண்டி ஏறினால் படிகள், மொத்தம் 120. உச்சியில் கோவிலோ சிலையோ இல்லை. வேலி போட்ட ஒலிபரப்புக் கோபுரம். ஏறியவர்கள் மூச்சு வாங்கிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

படிகளைக் கட்டியவர்கள் போர்க்கைதிகள். 1942 பிப்ரவரி 15-இல் பக்கத்திலேயே, ஃபோர்டு தொழிற்சாலையில், பெர்சிவல் சிங்கப்பூரை ஜப்பானியர்களிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டில், இறந்த ஜப்பானிய வீரர்களுக்காக இந்தக் குன்றின் மேல் 'சியோனான் சூரேத்தோ' என்ற பன்னிரண்டு மீட்டர் மர நினைவுத்தூண் எழும்பியது. பாதை வெட்டி, படி கட்டி, தூணை நிறுத்தியது ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள். தங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்று அவர்கள் கேட்க, தூணுக்குப் பின்னால் ஒரு மரச்சிலுவையை நிறுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. 1945-இல் தோல்வி வந்தபோது ஜப்பானியர்களே நினைவுத்தூணை அழித்தார்கள். சிலுவையும் இப்போது இல்லை. படி மட்டும் இருக்கிறது.

அந்தக் கைதிகளில் ஒருவர் ஸ்டான்லி வாரன். பிரிட்டிஷ் பீரங்கிப் படைக்காரர், ஓவியர். புக்கிட் பாத்தோக் முகாமில் அத்தாப்புக் கூரை போட்ட, பக்கச் சுவரில்லாத ஒரு சின்ன ஜெபக்கூடம் இருந்தது. அதன் பலிபீடத்தருகே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் பலகையில் படம் வரையச் சொன்னார்கள். முகாமில் பொறுக்கிய அடுப்புக்கரியால் இரண்டு படங்கள் வரைந்தார். ஒன்று இயேசுவின் பிறப்பு. அதில் மரியாள் ஒரு மலாய்ப் பெண். இன்னொன்று சிலுவையிலிருந்து உடலை இறக்குவது. அதற்கு மாதிரியாக நின்றவர்கள் கூட இருந்த கைதிகள்.

சிலுவையிலிருந்து இறக்குவது என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். பகலெல்லாம் மண் சுமந்த மனிதர்கள், ஓர் உடலை எப்படித் தாங்கி இறக்குவது என்று நின்று காட்டியிருக்கிறார்கள். அந்தக் கனம் அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. புக்கிட் பாத்தோக்கில் அவர் வரைந்தது அந்த இரண்டும்தான், வருவதும் சாவதும். மேலே போகிற படம் இங்கே இல்லை.

அது பிறகு வந்தது. கொஞ்ச காலத்திலேயே வாரனுக்குச் சிறுநீரகக் கோளாறும் சீதபேதியும் கண்டு, 1942 மே மாதம் அவரைச் சாங்கியில் ராபர்ட்ஸ் முகாமின் கைதிகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பாரா என்ற நிலை. ஆகஸ்டில் கொஞ்சம் தேறி, 151-ஆம் கட்டடத்துச் சீதபேதி வார்டுக்கு மாற்றப்பட்டார். கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஜெபக்கூடமாக்கியிருந்தார்கள். அது மருத்துவர் லூக்காவின் பெயரில். குருமார் கேட்டுக்கொள்ள, ஆகஸ்ட் முடிவில் அதன் சுவர்களில் வரையத் தொடங்கினார். வர்ணம் கிடையாது. ராணுவ வாகனங்களுக்கு அடிக்கிற பழுப்பு, கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு யார் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். நீலத்துக்கு பில்லியர்ட்ஸ் கோலில் தேய்க்கும் சுண்ணத்துண்டு. ஆரம்பத்தில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்போலத்தான் நிற்க முடிந்தது. ஐந்து படங்கள். பிறப்பு, கடைசி இராப்போஜனம், சிலுவை, சிறையில் லூக்கா, பரமேறுதல்.

சீதபேதி வார்டு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். மனித உடம்பு தன் மீது எந்த அதிகாரமும் இல்லாமல் கிடக்கிற இடம். அந்த உடம்போடு எழுந்து நின்று, ஒரு மனித உடம்பு மேலே போகிறது என்று ஒருவர் வரைகிறார். 'உடம்பை விட்டுத் தப்பித்தேன்' என்று சொல்வதற்கு எத்தனையோ படங்கள் வரைந்திருக்கலாம். ஒரு புறா, ஒரு சுடர், ஒரு வெளிச்சம். கிறிஸ்தவ நம்பிக்கை சொல்வது அதுவல்ல. போனது ஆவி மட்டும் இல்லை. தச்சுவேலை செய்த, பசித்த, ஆணி அறையப்பட்ட உடம்பு. தோமா தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட காயங்களோடு.

இந்த இடத்தில் நம் மரபை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாணிக்கவாசகர் தில்லையில் கலந்தார் என்கிறோம். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போனார். வள்ளலார் 1874 ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். அடியவர்களுக்கு அது ஒளியுடம்பாதல். மனிதர் சாவில் முடிந்துவிடாமல் உயரே போவது தமிழனுக்குப் புதிய கற்பனை இல்லை. ஆனால் நம் கதைகளில் பெரும்பாலும் உடம்பு ஒளியாகிறது, கலக்கிறது, கரைகிறது. இயேசுவின் காயம் கரையவில்லை என்பதுதான் வித்தியாசம். எது உயர்ந்தது என்று சொல்லவரவில்லை. தினமும் கட்டு மாற்றிய ஒரு காலைப் பற்றி எனக்கு இருந்த கேள்விக்கு இந்தக் கதைதான் பக்கத்தில் வந்தது.

ஏனென்றால் அம்மா தெளிவாக இருந்த ஒரு நாள் கேட்டார்: "அங்க அவுகளுக்கு அந்த வெரலு இருக்குமா?"

இதே கேள்வியை அகஸ்டின் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். 'கடவுளின் நகரம்' நூலின் கடைசிப் பகுதியில். உயிர்த்தெழும்போது, துண்டிக்கப்பட்ட உறுப்புகள் இல்லாமல் போகாது. ஆனால் இரத்த சாட்சிகளின் தழும்புகள் மட்டும் ஒருவேளை தெரியலாம், அவலட்சணமாக அல்ல, ஒரு மரியாதையாக என்கிறார். அம்மாவிடம், "விரல் இருக்கும்மா, ஆனா தழும்பும் இருக்கும்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அடையாளம் கண்டுக்கலாம்" என்றார். அகஸ்டினுக்கு இது தோன்றியிருக்குமா தெரியாது.

அதே அகஸ்டின்தான் பொய்யைப் பற்றியும் எழுதியிருக்கிறார், அதில்தான் எனக்கு அவரோடு தகராறு. பொய்க்கு எதிரான தன் நூலில் ஓர் உதாரணம் கொடுக்கிறார். ஒருவன் கடும் நோயில் கிடக்கிறான். அவனுடைய ஒரே மகன் இறந்துவிட்டது அவனுக்குத் தெரியாது. மகன் உயிரோடு இருக்கிறானா என்று உன்னிடம் கேட்கிறான். உண்மையைச் சொன்னால் செத்துப்போவான். இருக்கிறான் என்றாலும் தெரியாது என்றாலும் பொய். இந்த இடத்தில் தன் மனமும் கலங்குகிறது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் பொய்க்கு அனுமதி தரவில்லை. படித்தபோது கோபம் வந்தது. அவர் அந்தக் கேள்வியை எத்தனை மாலை கேட்டிருப்பார்? ஒரு தடவை கேட்பவனுக்கு உண்மை சொல்லலாம். தினம் ஆறரைக்குக் கேட்பவருக்கு?

கோபம் தணிந்த பிறகு யோசித்தால், அவர் என்னைச் சும்மா விடாததும் நல்லதுதான். தாதி சொன்னது சிகிச்சை முறை, அது சரி. பேச்சை மாற்றுவது பொய் இல்லை. ஆனால் கப்பல் பட்டறை, தேக்கா, பஸ் எல்லாம் என் வசதிக்காகவும்தான். அம்மாவைச் சீக்கிரம் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர வேண்டும், எனக்கு மறுநாள் வேலை இருக்கிறது. அம்மாவின் நோயைக் காரணம் காட்டி, அம்மாவை உண்மைக்குத் தகுதியில்லாதவராக ஆக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தேவைப்பட்டது, அவரைக் கொல்லாத ஓர் உண்மை.

*

'மேலே' அந்த உண்மை இல்லை என்பது படிக்கட்டிலேயே தெரிந்துவிட்டது. கணக்குப் போட்டால் இன்னும் வேடிக்கை. பூமி உருண்டை. எருசலேமில் நிற்பவரின் மேலேயும் புக்கிட் பாத்தோக்கில் நிற்கும் அம்மாவின் மேலேயும் ஒரே திசை இல்லை. ஏறக்குறைய 70 டிகிரி விலகல். இருவரும் விரலை நீட்டினால் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது. நவீன மனிதர்கள்தான் இதைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறோம் என்றில்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே லூத்தர் தரப்பும் கால்வின் தரப்பும் இதற்காகச் சண்டை போட்டன. கடவுளின் வலதுபக்கம் என்பது ஓர் இருக்கை இல்லை, அது எங்கும் இருக்கிறது, ஆகவே கிறிஸ்துவும் எங்கும் இருக்கிறார் என்றார் லூத்தர். இல்லை, உடம்பு என்றால் ஓரிடத்தில்தான் இருக்கும், அங்கே அவர் இருக்கிறார், நம்மை அவரோடு சேர்ப்பது ஆவி என்றார் கால்வின். நான் இதில் கால்வின் பக்கம். எங்கும் இருக்கிறார் என்பது ஆறுதலாகத் தோன்றும். ஆனால் எங்கும் இருப்பவருக்காக யாரும் கம்பிக் கதவில் நிற்பதில்லை. அம்மாவின் காத்திருப்பை மதிக்கிற கொள்கை, 'அவர் இங்கே இல்லை' என்பதை ஒப்புக்கொள்கிற கொள்கைதான்.

1563-இல் ஹைடல்பர்கில் எழுதிய வினாவிடை நூல் பரமேறுதலால் நமக்கு என்ன பயன் என்று நேராகவே கேட்கிறது. நம் சதை ஏற்கெனவே அங்கே இருக்கிறது, அது ஒரு பிணை. பதிலுக்கு அவர் தம் ஆவியை இங்கே ஒரு பிணையாக அனுப்புகிறார் என்கிறது. தமிழ் வேதாகமம் அந்த ஆவியை 'அச்சாரம்' என்கிறது. வீடு, நிலம், மாடு வாங்கினவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். அச்சாரம் கொடுத்தவன் வீட்டுக்கு இன்னும் குடிபோகவில்லை. ஆனால் வீடு வேறு யாருக்கும் போகாது.

இங்கே ஒன்றைத் திருத்தமாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்த மூத்தவர் மாதிரி ஆகிவிடுவேன். என் அப்பா பரமேறவில்லை. ஜூரோங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, கோபக்காரரான, நல்ல பாடகரான ஒரு மனிதர் இறந்தார், அவ்வளவுதான். பரமேறியவர் ஒருவர்தான். அவர் போன இடத்தில் மனித உடம்புக்கு இடம் உண்டு, தழும்புக்கும் இடம் உண்டு என்பதுதான் எனக்குக் கிடைக்கிற செய்தி. அதற்கு மேல் நீட்டினால் அது என் ஆசை.

2025-இல் பரமேறுதல் நாள் மே 29. ஆராதனைக்குப் போகவில்லை. மக்சிக்கை அம்மாவோடு உட்காரச் சொல்லிவிட்டு அந்த 120 படிகளை ஏறினேன். மக்சிக் என்ன நாள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். நபி ஈசாதானே, அவரை அல்லா உயர்த்திக்கொண்டார், எங்களுக்கும் தெரியும் என்றார். சிலுவை விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகாது. உயர்ந்தது, திரும்பி வரப்போவது இரண்டிலும் தகராறு இல்லை. எருசலேமில் ஒலிவ மலையில் இயேசுவின் காலடி பதிந்ததாகச் சொல்லும் பாறை இருக்கிற சிற்றாலயமும் நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வசம்தான் இருக்கிறது. அப்பா இறந்த நாற்பதாம் நாள் ஞாபகம் வைத்திருந்து ஒரு தட்டு நாசி லெமாக் கொண்டுவந்து கொடுத்தவர் மக்சிக் மட்டும்தான். அவர்கள் வழக்கத்தில் நாற்பதாம் நாளுக்கு கெண்டூரி உண்டு. எங்கள் பக்கத்தில் அன்று யாரும் கூப்பிடக்கூட இல்லை.

படி ஏறும்போது எண்ணிக்கொண்டே போனேன். 120. இயேசு போன பிறகு மேல்வீட்டில் கூடியிருந்தவர்களும் ஏறக்குறைய நூற்றிருபது பேர் என்கிறார் லூக்கா. கைதிகள் அதை நினைத்தெல்லாம் படி கட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு படிக்கு ஓர் ஆள் என்று நினைத்து ஏறினால் கால் வலி குறைகிறது.

உச்சியில் வேலி. அதற்கு மேல் கோபுரம், அதற்கு மேல் வானம். நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தக் கதையில் வெள்ளை உடையில் வந்த இருவர் சீடர்களைக் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. ஏன் இப்படி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று, ஏறக்குறைய அதட்டல். போனவர் போன மாதிரியே வருவார் என்கிறார்கள். அதாவது, கிளம்புங்கள்.

டியூரரின் மரச்செதுக்குப் படம் ஒன்று உண்டு, 1510 வாக்கில் செய்தது. அதில் இயேசுவின் முகம் கிடையாது. மேல் விளிம்பில் இரண்டு பாதங்களும் அங்கியின் ஓரமும் மட்டும். கீழே பாறையில் காலடித் தடம். சுற்றிலும் அண்ணாந்த முகங்கள். முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது, யாரோ கூரையைப் பொத்துக்கொண்டு போவது மாதிரி. இப்போது சிரிப்பு வருவதில்லை. நான் அப்பாவைக் கடைசியாகப் பார்த்ததும் அப்படித்தான். இரண்டாம் தடவை புண் சீழ் வைத்து, ஆம்புலன்ஸ் வந்து, ஸ்ட்ரெச்சரில் தலைப் பக்கத்தை முதலில் மின்தூக்கிக்குள் தள்ளினார்கள். தாழ்வாரத்தில் நின்ற எங்களுக்குத் தெரிந்தது பாதங்கள்தான், ஒன்றில் கட்டு. கதவு மூடும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மாவுக்குச் சொன்னது.

"போயிட்டு வாரேன்."

எங்கள் ஊரில் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் அம்மா அடித்திருப்பார். கடைக்குப் போனாலும், சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் போயிட்டு வாரேன்தான். வருவோமா என்று தெரிந்து சொல்வதில்லை. விட்டுவிட்டுப் போகவில்லை என்று சொல்வதற்காகச் சொல்வது. லூக்காவின் முதல் புத்தகத்தில் இயேசு கையை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டிருக்கும்போதே பிரிந்தார் என்று வருகிறது. ஆசீர்வாதத்தை முடித்துவிட்டுப் போனார் என்று அவர் எழுதவில்லை. அந்தக் கை இறங்குவதை யாரும் பார்க்கவில்லை. சீடர்கள் சந்தோஷமாகத் திரும்பியது எப்படி என்பது எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் தூக்கிக் கொண்டிருந்த கையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் அவர்கள்.

குன்றிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது ஏழு தாண்டிவிட்டது. அம்மா கதவருகே. மக்சிக் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, அப்பா எங்க போயிருக்காவ?"

"போயிருக்காங்கம்மா."

"எங்க?"

"நாம பின்னால போற எடத்துக்கு."

இதற்கு அழுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "சொல்லிட்டுப் போனாவளா?"

"சொன்னாங்க. உங்ககிட்டதான் சொன்னாங்க. போயிட்டு வாரேன்னு. இந்த லிப்ட்டுக்குள்ள இருந்து."

அம்மா மின்தூக்கியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார், அல்லது வியர்வையைத் துடைத்தார். "அப்ப சரி. சோத்தப் போடு" என்றார்.

எல்லா மாலையும் இப்படிப் போவதில்லை. சில நாள் அழுகிறார். சில நாள் 'பொய் சொல்லுத' என்று என்னைத் திட்டுகிறார். ஒருநாள் என்னையே யார் என்று கேட்டார். ஆனால் தேக்காவையும் பஸ்ஸையும் அதற்குப் பிறகு நான் இழுக்கவில்லை.

வாரன் அந்தச் சுவர்களைத் திரும்பப் பார்ப்பார் என்று நினைத்திருக்க மாட்டார். போரின்போதே அறையைச் சேமிப்புக் கிடங்காக்கி, படங்களின் மேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். லூக்கா படத்தின் கீழ்ப் பாதி வாசல் வைக்க உடைபட்டது. பூச்சுக்கு அடியில் படங்கள் இருப்பது 1958-இல் தெரியவந்தது. வரைந்தவர் லண்டனில் ஓவிய ஆசிரியராக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவருக்கு வர மனமில்லை. மறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் 1963-இல் வந்தார், பிறகு 1982-இல், பிறகு 1988-இல், எழுபது வயதைத் தாண்டி. மூன்று தடவையும் வந்து பழுதுபார்த்தார். 1992-இல் இறந்தார். படங்கள் இப்போது விமானப்படைத் தளத்துக்குள் இருக்கின்றன. நான் பார்த்தது சாங்கி அரும்பொருளகத்தில் வைத்திருந்த நகல்களைத்தான். அப்போது அப்பாவும் கூட வந்திருந்தார். பில்லியர்ட்ஸ் சுண்ணத்தில் நீலம் எடுத்தது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது, பட்டறைக்காரர் அல்லவா. மற்ற படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாப்பிட்ட பிறகு அம்மா படுக்கப் போகும்போது, "கதவப் பூட்டாத, அவுக வருவாவ" என்றார். சரிம்மா என்றேன். அவர் தூங்கிய பிறகு எழுந்துபோய்ப் பூட்டினேன். பன்னிரண்டாம் மாடிப் படிக்கட்டை நினைத்துத்தான்.